மனத்தைப் பயிற்றிய பேராசிரியர்: கோல்மன் கிறிபித்

உடல்வலிமை ஒன்றே வெற்றியைத் தருமாயின் போட்டிகளை நடத்த வேண்டிய தேவையே இராது. போட்டியாளரை வரிசையாக நிறுத்தித் தசைகளை அளந்து பரிசில்களை வழங்கிவிடலாம். உண்மை அவ்வாறில்லை. ஒத்த வலிமையும் ஒத்த பயிற்சியும் உடைய இருவர் களத்தில் இறங்குகின்றனர். ஒருவன் தான் பெற்ற ஆற்றல் முழுவதையும் வெளிப்படுத்துகின்றான். மற்றவனோ கைகால் விறைத்து, நேற்றுவரை எளிதாகச் செய்ததை இன்று செய்ய இயலாதவனாய் நிற்கின்றான். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது?

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திற் பிறந்ததன்று. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பிற் படித்தபோது அஞ்சலோட்டக் குழுவில் நானும் ஒருவன். மாலைதோறும் ஆளரவமற்ற மைதானத்தில் கோலைக் கைமாற்றிப் பழகினோம்; ஒருநாளாவது அது தவறியதில்லை. போட்டி நாளன்று, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே, கோல் என் விரல்களைத் தொட்டு மண்ணில் விழுந்தது. எனக்கு நெஞ்சுரம் போதாது என்றார் பயிற்றுநர். நானும் அதனை நெடுங்காலம் நம்பியிருந்தேன். சர்வகலாசாலையிற் சேர்ந்த பின், அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தத் தீர்ப்புச் சரியானதா என்று ஐயுறத் தொடங்கினேன். அப்பேராசிரியர்தாம் கோல்மன் றொபேட்ஸ் கிறிபித். அமெரிக்காவில் விளையாட்டு உளவியலின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர் அவர். ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்தில் அவர் சொல்லைக் கேட்டவர் மிகச் சிலரே.

இளமையும் கல்வியும்

கிறிபித் 1893ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே பிறந்தார். இலினோய் மாநிலத்திலுள்ள கிறீன்வில் கல்லூரியில் பயின்று 1915இல் பட்டதாரியானார். கல்லூரி நாள்களில் அவர் பேஸ்போல் ஆடியவர். மட்டையின் கனத்தையும், விரைந்து வரும் பந்தை எதிர்கொள்ளும் கணத்தில் நெஞ்சு படும் பாட்டையும் அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். பிற்காலத்தில் வீரர்களிடையே அவர் நடமாடியபோது இவ்வனுபவம் அவருக்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

பின்னர் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில், மடிசன் பென்ற்லி என்ற பேராசிரியரின் மாணாக்கராகி, 1920இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் முதலில் ஆராய்ந்த பொருள் விளையாட்டன்று. உடல் தன் சமநிலையை எவ்வாறு காக்கின்றது என்பதே அவருடைய முதல் ஆராய்ச்சி. உடல் மீண்டும் மீண்டும் சுழற்றப்படும்போது கண்ணின் துடிப்பும் தலைச்சுற்றும் நாளடைவிற் குறைகின்றன என்று அவர் கண்டார். நம் விருப்பத்துக்கு அடங்காதது என்று நாம் கருதும் உடற்செயலும் பழக்கத்துக்கு அடங்குகின்றது. சிறிதாகத் தோன்றும் இவ்வுண்மையின் நிழல் அவருடைய பிற்கால வேலை முழுவதிலும் விழுந்திருக்கக் காணலாம்.

மைதானத்தில் ஓர் ஆய்வாளர்

1918இலேயே, இன்னும் மாணவராக இருந்தபோதே, பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரரையும் கூடைப்பந்தாட்ட வீரரையும் அவர் கூர்ந்து நோக்கத் தொடங்கினார். அவர்கள் எதனைப் பார்க்கின்றனர், எதனைப் பாராது விடுகின்றனர், கவனத்தை எங்கே செலுத்துகின்றனர் என்று குறித்துவைத்தார். 1923இல் உளவியலும் மெய்வல்லுமையும் என்ற பாடநெறியை மாணவர்க்குக் கற்பித்தார்.

இத்துறையில் அவருக்கு முன்னோர் இல்லாமலில்லை. தனியே ஓட்டுவதைவிடப் பிறரோடு போட்டியிடும்போது சைக்கிளோட்டிகள் விரைந்து செல்கின்றனர் என்பதை நோர்மன் திரிப்லெற் என்பவர் 1898இல் எழுதியிருந்தார். ஒலிம்பிக் விழாவைப் புதுப்பித்த கூபெர்த்தென் பிரபு 1913இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் விளையாட்டின் உளவியலையும் உடற்றொழிலியலையும் ஆராய ஒரு மகாநாடு கூட்டினார். ஆயினும் ஒருமுறை எழுதிவிட்டு வேறு வேலைக்குச் செல்லாது, ஆண்டுக்கணக்காக இதையே தொழிலாகக் கொண்டு அமெரிக்காவில் உழைத்த முதல்வர் கிறிபித்தே.

பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சித் துறைக்குத் தலைவராயிருந்த ஜோர்ஜ் ஹவ் அவரை ஆதரித்தார். 1925இல் மெய்வல்லுமை ஆராய்ச்சிக்கெனத் தனி ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது. ஒளியைக் கண்டும் ஒலியைக் கேட்டும் தொடுகையை உணர்ந்தும் வீரன் எவ்வளவு விரைவில் இயங்குகின்றான், அவன் கை எவ்வளவு நடுங்காது நிற்கின்றது, தசையை இறுக்கவும் தளர்த்தவும் அவனால் எவ்வளவு இயல்கின்றது, புதியதொரு செய்கையை எத்தனை முறையிற் கற்றுக்கொள்கின்றான் என்றெல்லாம் அளக்கும் கருவிகளை அவர் அங்கே அமைத்தார். 1926இல் குகன்ஹைம் நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்று ஜேர்மனி சென்று, பேர்ளின் நகரில் நடந்த ஆராய்ச்சிகளையும் கண்டு வந்தார்.

அவர் தமக்கென வகுத்துக்கொண்ட கடமைகள் மூன்று. தேர்ந்த பயிற்றுநர் தம் அனுபவத்தாற் கண்ட நல்ல முறைகளைத் தொகுத்து இளம் பயிற்றுநர்க்குக் கற்பிப்பது ஒன்று. உளவியல் ஏற்கெனவே கண்டறிந்த உண்மைகளை விளையாட்டுக்குப் பொருத்துவது இன்னொன்று. களத்திலும் ஆய்வுகூடத்திலும் பரிசோதித்துப் புதிய உண்மைகளைக் காண்பது மூன்றாவது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படித்த பேராசிரியராக இருந்தும், பயிற்றுநர்க்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தோடு அவர் மைதானத்துக்குச் செல்லவில்லை. அவர்களிடமிருந்து கற்பதையே தம் முதற் கடமையாக வைத்தார்.

ஓட்டத்தை மறந்த ஓட்டக்காரன்

அக்காலத்தில் இலினோய்ப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்த மாணவன் றெட் கிறேஞ்ச் என்பவன். அமெரிக்கர் ஆடும் உதைபந்தாட்டம் நாம் ஆடுவது போன்றதன்று. அங்கே நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி, மறிக்க வருவோரை ஏய்த்து, எதிரியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். 1924ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் புதிய அரங்கில் மிச்சிகன் அணியை எதிர்த்து நடந்த ஆட்டத்தில், முதற் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் கிறேஞ்ச் நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்தான். அவற்றுள் முதலாவது 95 யார் நீண்ட ஓட்டம். ஆட்டம் 39க்கு 14 என்ற கணக்கில் முடிந்தது.

ஊர் முழுவதும் இந்த ஓட்டங்களையே பேசிக்கொண்டிருந்தபோது கிறிபித் அவனைச் சந்தித்து அவற்றைப் பற்றி வினாவினார். விடை வியப்பாக இருந்தது. அவ்வோட்டங்களுள் ஒன்றின் விவரத்தையேனும் அவனால் நினைவுகூர முடியவில்லை. எந்தக் காலை எப்போது திருப்பினான், யாரை எவ்வாறு ஏய்த்தான் என்பதொன்றும் அவன் நினைவில் இல்லை.

இதிலிருந்து கிறிபித் ஒரு பெரிய பாடத்தைப் பெற்றார். நன்கு பழகிய திறமை தானாகவே இயங்குகின்றது. வீணை வாசிப்பவர் ஒவ்வொரு விரலையும் எண்ணி வாசிப்பதில்லை. எண்ணத் தொடங்கினால் இராகம் குலைந்துவிடும். அவ்வாறே தேர்ந்த வீரனும் தன் கால்களை எண்ணி ஓடுவதில்லை. அச்சமும் ஆரவாரமும் செய்யும் கேடு யாதெனில், தானே நடக்க வேண்டிய செய்கையினுள் நம் எண்ணத்தை வலிந்து புகுத்துவதே. ஆகவே அமைதியான மனம் திறமைக்கு அணிகலன் மட்டுமன்று; திறமை வெளிப்படுவதற்கு அதுவே வழி.

அக்காலத்தில் அமெரிக்காவிற் புகழ்பெற்ற பயிற்றுநர் நோத்தர்டேம் பல்கலைக்கழகத்தின் நூட் றொக்னி. வீராவேசமான பேச்சினால் மாணவரைக் கொதிக்கச் செய்து வெற்றி பெறுபவர் அவர் என்பது உலகத்தார் கருத்து. ஆனால் அவர் அவ்வாறு செய்வதில்லை என்று கிறிபித் கேள்விப்பட்டார். உண்மையை அறியும் பொருட்டு அவருக்கே கடிதம் எழுதினார். 1924 டிசம்பரில் வந்த மறுமொழி அவர் கேட்டதை உறுதிசெய்தது. மிக அருமையாக ஒருசில வேளைகளிலன்றித் தாம் வீரரைக் கிளர்ச்சியூட்ட முயல்வதில்லையென்றும், ஆட்டத்தை அளவுக்கு மிஞ்சிப் பாரதூரமாகக் கருதாது அதில் உள்ள விருப்பத்தினால் ஆடும்படியே பழக்குவதாகவும் றொக்னி தெரிவித்திருந்தார். அவ்வாண்டில் அவருடைய அணி ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணவில்லை.

இவ்வாறு சேர்த்த அறிவை கிறிபித் இரு நூல்களாக்கினார். 1926இல் பயிற்றுதலின் உளவியல் பற்றிய நூலும், 1928இல் உளவியலும் மெய்வல்லுமையும் பற்றிய நூலும் வெளிவந்தன. பயிற்றுநர் வெறும் கட்டளையிடுவோர் அல்லர். ஒழுக்கத்தையும் ஆளுமையையும் உருவாக்கும் ஆசிரியர் என்பது இந்நூல்களின் உயிர்நாடி. எல்லா வீரரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். ஒருவன் கண்டிப்பினால் விழித்தெழுவான். இன்னொருவன் அதே கண்டிப்பினாற் குன்றிப்போவான். ஒவ்வொருவனையும் அறிந்து நடத்தத் தெரியாதவர் எவ்வளவு ஆட்டம் அறிந்திருந்தாலும் பயிற்றுநர் ஆகார்.

சிக்காகோவில் நேர்ந்த சோதனை

1930ஆம் ஆண்டை அடுத்து அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டியது. பல்கலைக்கழகங்களிற் பணமில்லை. 1932இல் ஆய்வுகூடம் மூடப்பட்டது. அதனால் ஆட்டத்திற் பயன் விளையவில்லை என்று உதைபந்தாட்டப் பயிற்றுநர் றொபேட் சுப்கி நம்பிக்கை இழந்ததும் ஒரு காரணம் என்பர். கிறிபித் சலிக்காது பல்கலைக்கழகத்தின் வேறு பணிகளை ஏற்றுக்கொண்டார்.

ஆறாண்டுகள் கழித்து, 1938இல், எதிர்பாராத அழைப்பொன்று வந்தது. சூயிங்கம் வணிகத்தாற் பெருஞ்செல்வரான குடும்பத்தைச் சேர்ந்த பிலிப் றிக்ளி என்பவர் சிக்காகோ கப்ஸ் என்ற பேஸ்போல் அணியின் உரிமையாளர். தொழிற்சாலையில் விஞ்ஞானம் பயன்படுமாயின் விளையாட்டு மைதானத்தில் ஏன் பயன்படாது என்று எண்ணக்கூடியவர் அவர். வீரரை ஆராய்ந்து, அவரைத் திருத்தும் வழிகளைக் கூறுமாறு கிறிபித்தை அமர்த்தினார். தொழில்முறை அணியொன்று உளவியலறிஞரின் துணையை இவ்வாறு முறையாக நாடியது அதுவே முதல் என்பர்.

றிக்ளி குடும்பத்துக்குச் சொந்தமான கற்றலீனாத் தீவில் வசந்தகாலப் பயிற்சி நடந்தது. கிறிபித் உதவியாளர் ஒருவரோடும் சலனப்படக் கருவியோடும் நேரத்தை நுட்பமாக அளக்கும் கருவிகளோடும் அங்கே சென்றார். அணியின் நெறியாளர் சார்ளி கிறிம் என்பவர். மைதானத்தில் வளர்ந்த கிறிம்முக்குக் குறிப்பேட்டோடு வந்த பேராசிரியரைப் பிடிக்கவில்லை. வீரர்கள் அவரைப் பரிகசித்தனர். சொன்ன மாற்றங்கள் செய்யப்படவில்லை.

இவ்விருவருக்கும் இடையில் எழுந்தது வெறும் மனக்கசப்பன்று; அடிப்படையான கொள்கை வேறுபாடு ஒன்று இருந்தது. ஆட்டத்திறமை பிறவியிலேயே வருவது. உள்ளவனுக்கு உண்டு, இல்லாதவனுக்கு இல்லை என்பது மைதானத்தாரின் நம்பிக்கை. இதனை கிறிபித் வன்மையாக மறுத்தார். பிறவியின் மேற் பழியைப் போடுவது பயிற்றுநர் தம் கடமையிலிருந்து தப்பிக்கொள்ளும் வழியென்பது அவர் கண்டது. கற்றுக்கொள்ளக்கூடியதைக் கற்பிக்காது விட்டுவிட்டு, அவனிடம் இயல்பூக்கம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது.

அவர் பயிற்சி நேரத்தை அளந்து பார்த்தார். பல மணிநேரம் மைதானத்தில் நின்றாலும் வீரர் உண்மையாகப் பழகும் நேரம் மிகக் குறைவு என்று தெரிந்தது. பந்தடிக்கும் பயிற்சியும் ஆட்டத்தைப் போல இருக்கவில்லை. எளிதான பந்துகளை எறிய, அவற்றை அடித்து மகிழ்ந்துவிட்டு வீரர் அகன்றனர். போட்டியில் எதிர்ப்படும் பந்தும் நெருக்கடியும் கணக்கும் அங்கே இல்லை. ஆகவே பயிற்சியை ஆட்டத்தைப் போலவே அமைக்க வேண்டும். பந்தெறிவோன் உண்மையாக எறிய வேண்டும். ஓடுவோர் தளங்களில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். வீரர் ஒவ்வொருவரின் இயல்பைப் பற்றியும் எழுதினார். பலநூறு பக்கங்கள் றிக்ளியிடம் சென்றன.

அவ்வாண்டு ஜூலையில் கிறிம் நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்த கபி ஹாட்னெற்றும் பேராசிரியருக்குச் செவிசாய்க்கவில்லை. அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. இறுதிப் போட்டியில் நியூயோர்க் யாங்கீஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. வெற்றியின் புகழ் கிறிபித்துக்கு வரவில்லை. 1940ஆம் ஆண்டுடன் அவருக்கும் அணிக்கும் இருந்த தொடர்பு முற்றாக அற்றது. அவர் எழுதிய அறிக்கைகள் பெட்டகத்தில் உறங்கின.

குறை முழுவதும் மைதானத்தாரிடமே இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. றொக்னியின் கருத்தை நாடிச் சென்ற அந்தப் பணிவு சிக்காகோவில் அவரிடம் குறைந்திருந்தது போலத் தோன்றுகின்றது. கிறிம்மையும் ஹாட்னெற்றையும் பற்றி உரிமையாளருக்கு அவர் எழுதியவை கடுமையானவை. முதலாளி அனுப்பிய மனிதர் தம்மை எடைபோட்டு எழுதுகின்றார் என்று அறிந்தவர்கள் எவ்வாறு மனந்திறப்பார்கள்? மனத்தை ஆராய்பவருக்கு முதலில் வேண்டியது மனங்களின் நம்பிக்கை. அதனைப் பெறாத இடத்தில் அவருடைய நுண்ணிய கருவிகளும் பயன்படவில்லை.

பிற்காலம்

1944இல் கிறிபித் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தில் தலைவருக்கு அடுத்த உயர்பதவிகளுள் ஒன்றை ஏற்றார். அங்கும் சோதனை காத்திருந்தது. பல்கலைக்கழக உபதலைவருள் ஒருவரான அன்ட்ரூ ஐவி, கிரெபியோசென் என்ற மருந்து புற்றுநோய்க்கு நல்லதென்று 1951இல் அறிவித்தார். தலைவர் ஸ்ரொடாட் அதனை நம்பவில்லை. இப்பிணக்கும் வேறு சிலவும் முற்றி, 1953 ஜூலையில் தருமகர்த்தா சபையினர் தலைவர்மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானித்தனர். ஸ்ரொடாட் பதவி விலகினார். அவரோடு கிறிபித்தும் தம் பதவியைத் துறந்தார். பத்தாண்டுகளின் பின், 1963இல், அம்மருந்தென்று கொடுக்கப்பட்டது உடலில் இயல்பாகவே உள்ள கிரியற்றின் என்ற பொருளே என அரசாங்க ஆய்வாளர் கண்டறிந்தனர்.

பதவியை இழந்தும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மீண்டும் கற்பித்தலுக்குச் சென்றார். பின்னர் ஒரேகன் மாநிலத்தின் உயர்கல்வித் துறையிற் பணியாற்றினார். 1966ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், தமது 72ஆவது வயதிற் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் உரோமாபுரியில் விளையாட்டு உளவியலின் முதலாவது சர்வதேச மகாநாடு கூடியது. அவர் தனியே உழுத நிலத்திற் பலர் இறங்கத் தொடங்கிய வேளையில் அவர் கண்மூடினார். அவரை முதல்வர் என்று அத்துறையினர் மீண்டும் கண்டெடுத்தது அவர் மறைந்த பின்னரே.

இன்று பெரிய அணிகள் பலவும் உளவியலறிஞரைத் தம்முடன் வைத்திருக்கின்றன. அவரைப் பரிகசித்த பேஸ்போல் உலகமும் அவ்வாறே செய்கின்றது. தோக்கியோ ஒலிம்பிக் விழா 2021இல் நடந்தபோது உலகின் தலைசிறந்த உடற்பயிற்சி வீராங்கனையான சிமோன் பைல்ஸ், அந்தரத்திற் சுழலும்போது மனமும் உடலும் இணங்கவில்லை என்று கண்டு பல போட்டிகளிலிருந்து விலகினார். கோழை என்று இகழ்ந்தவர்களும் இருந்தனர். தக்க துணையோடு மீண்டு வந்த அவர் 2024இல் பாரிஸ் நகரில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். வேண்டியிருந்தது துணையேயன்றி இகழ்ச்சியன்று.

நாம் கொள்ளவேண்டியது

கிறிபித்தின் வாழ்க்கையைப் படித்தபின் அந்த அஞ்சலோட்டத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். நூறு முறை பழகினோம்; ஆனால் ஒருமுறையாவது எதிரணியினர் பக்கத்தில் ஓடி வரப் பழகவில்லை. ஒருமுறையாவது முழுவேகத்திற் களைத்த பின் கைமாற்றிப் பழகவில்லை. ஆரவாரத்தின் நடுவே ஒருமுறையும் பழகவில்லை. போட்டி நாளன்று எனக்குக் கிடைத்தது, நான் ஒருநாளும் கல்லாத பாடத்திற் பரீட்சை. அதிற் தவறியவனை நெஞ்சுரம் இல்லாதவன் என்பது, நீந்தக் கற்பிக்காது ஆழத்திற் தள்ளிவிட்டு அவனுக்குத் துணிவில்லை என்று சொல்வது போலாகும். என் பயிற்றுநரை நான் நோகவில்லை. அவர் மாலைதோறும் ஊதியமின்றி எங்களோடு நின்றவர். அவருக்கும் எவரும் இதனைக் கற்பித்திருக்கவில்லை.

மலரைப் படிக்கும் வாலிப அன்பர்களுள் பலர் இன்று ஆடுவோர். நாளை தம்பிமாரையும் தங்கைமாரையும் பயிற்றப்போவோர். களத்தில் ஒரு பிள்ளை தடுமாறும்போது, அதன் பிறவியைப் பழிக்கும் சொல் நம் வாயில் எளிதாக வரும். அச்சொல்லைச் சற்று நிறுத்தி, இப்பிள்ளைக்கு இதனை நாம் எப்போது கற்பித்தோம் என்று நம்மை நாமே கேட்க வேண்டும். கிறிபித் தம் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி அதுவே. அவர் காலத்தார் அதற்குச் செவிகொடுக்கவில்லை, நாமாவது கொடுப்போமாக.